விரல் நுனியில் ஒரு தராசு

திருவள்ளூரில் பள்ளிகொண்டிருக்கும் வீரராகவப் பெருமாளுக்கு வைத்திய வீரராகவர் என்றும் ஒரு திருநாமம் உண்டு. நோய் தீர வேண்டிக்கொண்டவர்கள் அமாவாசையன்று கூட்டம் கூட்டமாக வந்து, ஹிருத்தாபநாசினி என்ற திருக்குளத்தில் வெல்லத்தைக் கரைத்துவிட்டுப் போகிறார்கள். வெல்லம் தண்ணீரில் கரைவதுபோல வியாதியும் கரைந்துவிடும் என்பது நம்பிக்கை. அந்த ஊருக்குத் திருஎவ்வுள் என்று பழைய பெயர். சாலிஹோத்திரர் என்ற முனிவரின் குடிசைக்கு முதியவராக வந்த பெருமாள், பசியாறிய பிறகு, "படுத்துக்கொள்ள எவ்வுள்?" என்று கேட்டாராம். எந்த உள், எந்த அறை என்று அர்த்தம்.

வைத்தியராக இருப்பவர் கேட்கவேண்டிய கேள்விதான் அது. உடம்பு என்பது கதவு சாத்திய வீடு. வைத்தியர் திண்ணையில் நின்றுகொண்டேதான் விசாரிக்க வேண்டியிருக்கிறது. நாடியைப் பிடித்துப் பார்க்கிறார். நாக்கை நீட்டச் சொல்கிறார். மார்பில் குழாயை வைத்துக் கேட்கிறார். உள்ளே என்ன நடக்கிறது, எந்த அறையில் நடக்கிறது என்பதை ஊகிக்கத்தான் முடிகிறது. கதவைத் திறக்காமல், தோலைக் கீறாமல், ஒளியை மட்டும் உள்ளே அனுப்பி விசாரித்துக்கொண்டு வரும் ஒரு சிறு கருவியின் கதையை இப்போது சொல்லப்போகிறேன். வாசகர்கள் எல்லோருக்கும் அதைத் தெரியும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வந்து சேர்ந்ததே, துணி காயப்போடும் கிளிப்பைப் போல விரலைக் கவ்விக்கொண்டு இரண்டு எண்களைக் காட்டுமே, அந்தப் பல்ஸ் ஆக்ஸிமீட்டர்தான்.

என்னை இந்தக் கதைக்குள் இழுத்துவிட்டவர் ஒரு கம்பவுண்டர். அதே திருவள்ளூர் ஜில்லாவின் வடகோடியில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் கும்மிடிப்பூண்டி இருக்கிறது. சென்னையிலிருந்து கல்கத்தா போகும் பெருவழியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால், புகைபோக்கிகள் தென்பட ஆரம்பிக்கும். சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள் அவை. இரும்பை உருக்குவதும், காய்ச்சிய இரும்பைக் கம்பியாக இழுப்பதும் அங்கே பிரதான தொழில்களில் ஒன்று. அந்தப் பேட்டையில் வேலை பார்க்கும் ஒரு நண்பரைப் பார்க்கப் போனவன், வெயில் தாழட்டும் என்று ஆலையின் ஆம்புலன்ஸ் ரூமில் உட்கார்ந்திருந்தேன். ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் இப்படி ஓர் அறை இருக்கவேண்டும் என்று 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. அதைக் கவனித்துக்கொள்பவருக்குச் சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ உத்தியோகப் பெயர். ஆனால் ஆலையில் எல்லோருக்கும் அவர் கம்பவுண்டர்தான்.

பேச்சு வாக்கில் என் விரலில் அந்தக் கிளிப்பை மாட்டினார். 98 என்று காட்டியது. காயத்துக்குக் கட்டுப் போட்டுக்கொள்ள வந்திருந்த ஓர் உலைக்களத் தொழிலாளியின் விரலில் மாட்டினார். 97.

"நம்பர் நல்லாத்தான் காட்டுது சார். ஆனா இது யாரு வச்ச நம்பர்? அதை யாராச்சும் சொன்னாத் தேவலை" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. 2021 மே மாதம் நடந்ததை, கட்டுத்துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டே, மெல்லிய குரலில் சொன்னார். லாரியில் சுமை ஏற்றுகிற ஓர் ஆள், நாற்பது வயசு, நல்ல கறுப்பு. இரண்டு நாள் காய்ச்சல். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்றானாம். கம்பவுண்டர் விரலில் மாட்டிப் பார்த்தார். 95 காட்டியது. "தொண்ணூத்தி நாலுக்குக் கீழ போனாத்தான் ஆஸ்பத்திரின்னு அப்ப எல்லாரும் சொல்லிக்கிட்டிருந்தாங்க. பெட் கிடைக்காத காலம் சார். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கடான்னு நான்தான் சொன்னேன்." அடுத்த நாள் ராத்திரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே அந்த மனிதன் போய்விட்டான்.

நோயின் வேகமா, கருவியின் பிசகா, விதியா, யார் சொல்ல முடியும்? அந்த நோய் ஒரே ராத்திரியில் புலிபோலப் பாய்ந்ததை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் "இது யார் வைத்த நம்பர்?" என்ற கேள்வி ரயிலில் திரும்பி வரும்போது என்னோடு கூடவே வந்துவிட்டது.

சரித்திரக் கதைகளோடு பழகினவனுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுக்களைப் படித்தவர்களுக்குத் தெரியும்: ராஜராஜ சோழன் பொன்னைக் கொடுத்தான் என்று மட்டும் அவை சொல்வதில்லை. ஆடவல்லான் என்ற பெயருடைய கல்லால் நிறுத்துக் கொடுத்தான் என்று சொல்கின்றன. ரத்தினங்களை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்று வேறு ஒரு கல். நெல்லை அளக்க, ராஜகேசரிக்குச் சமமான, ஆடவல்லான் என்ற மரக்கால். எவ்வளவு கொடுத்தான் என்பதைக் காட்டிலும், எந்தக் கல்லால் நிறுத்தான் என்பது முக்கியமாகப் பட்டிருக்கிறது அந்தக் காலத்து மனிதர்களுக்கு. தராசு தட்டுத் தாழ்வதை மட்டும் காட்டும். தாழ்ந்தது எவ்வளவு என்று சொல்வது படிக்கல். படிக்கல் பொய்யானால் தராசும் பொய்தான். அதனால்தான் இன்றைக்கும் மளிகைக் கடைத் தராசுக்குச் சர்க்கார் முத்திரை கேட்கிறோம். ஆலைக்காரர்கள் இதையே காலிப்ரேஷன் என்கிறார்கள்.

அப்படியானால் விரல் நுனித் தராசுக்குப் படிக்கல் எது?

அதைச் சொல்வதற்கு முன்னால், தராசு எதை நிறுக்கிறது என்று பார்க்கவேண்டும். நாம் இழுக்கும் மூச்சிலிருந்து பிராணவாயுவை வாங்கி உடம்பெங்கும் சுமந்துகொண்டு போவது ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். சுமை ஏற்றிய ஹீமோகுளோபின் பளிச்சென்று சிவந்திருக்கும். சுமை இறக்கியது கருஞ்சிவப்பாக மங்கியிருக்கும். நூறு வண்டிகளில் எத்தனை வண்டி சுமையோடு போகின்றன என்பதுதான் கருவி காட்டும் எண். ஆரோக்கியமானவர்களுக்குப் பெரும்பாலும் 95-க்கு மேல் இருக்கும்.

இந்த நிறபேதத்தைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்றுதான் வெகு காலம் டாக்டர்கள் நம்பினார்கள். உதடும் நகமும் நீலம் பாரித்தால் ஆபத்து என்பது பாடம். 1947-ல் அமெரிக்காவில் கொம்ரோ, பொட்டெல்ஹோ என்ற இருவர் அந்த நம்பிக்கையைச் சோதித்தார்கள். எண் 80 அளவுக்கு இறங்கும் வரையில் பெரும்பாலோர் கண்ணுக்கு நீலம் சரியாகத் தெரியவே இல்லை என்று கண்டார்கள். அதற்குள் காரியம் மிஞ்சிவிடுகிறது! மயக்க மருந்து கொடுத்துப் படுக்கவைத்த நோயாளி மூச்சுக்குத் தவித்தாலும், வாய் திறந்து சொல்ல முடியாது. அறுவைக்கூடத்தில் எத்தனையோ உயிர்கள் இப்படிச் சத்தமில்லாமல் போயிருக்கின்றன.

ஒளியைக் கொண்டு அளக்கலாம் என்ற யோசனையை முதலில் நடத்திக்காட்டியவர்களில் ஒருவர் ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்தைச் சேர்ந்த கார்ல் மாத்தெஸ். 1935-ல் அவர் காது மடலின் வழியாக இரண்டு நிற ஒளிகளைச் செலுத்தி அளந்தார். இந்தக் கருவிக்கு ஆக்ஸிமீட்டர் என்று பெயர் சூட்டியவர் கிளென் மில்லிக்கன். அவருடைய தகப்பனார் ராபர்ட் மில்லிக்கன், எலெக்ட்ரானின் மின்சுமையை அளந்து 1923-ல் நோபல் பரிசு வாங்கியவர்; அவருடைய குழுவினர் 1936-ல் நம்முடைய சென்னையில்கூடப் பலூன்களைப் பறக்கவிட்டு, வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை அளந்திருக்கிறார்கள்.

மகனுக்கு மலை ஏறுவதில் மோகம். அவர் 1938-ல் மணந்துகொண்டது கிளேர் மாலரியை. எவரெஸ்ட் சிகரத்தை நோக்கி ஏறிப்போய் 1924-ல் திரும்பி வராத ஜார்ஜ் மாலரியின் மகள் அவள். காற்று மெலிந்த உயரத்தில் தகப்பனைப் பறிகொடுத்தவளின் புருஷன், அந்த மெலிந்த காற்றில் ரத்தம் என்ன ஆகிறது என்று அளக்கும் கருவியைச் செய்தான்! நாவலில் எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று விமரிசகர்கள் சொல்லுவார்கள். இரண்டாவது மகாயுத்தத்தின்போது உயரப் பறந்த விமானிகள் தங்களுக்கே தெரியாமல் மயங்கிவிடுவதுண்டு. அவர்களுக்காகத்தான் மில்லிக்கன் 1942-ல் காதில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை அமைத்தார். ஐந்து வருஷம் கழித்து, டென்னஸியில் பாறை ஏறிக்கொண்டிருந்தபோது கல் விழுந்து அவரும் மாண்டார். அப்போது அவருக்கு அதிக வயசு ஆகியிருக்கவில்லை.

இந்தப் பழைய கருவிகளுக்கெல்லாம் ஒரே சங்கடம். காது மடலில் ரத்தம் மட்டுமா இருக்கிறது? தோல் இருக்கிறது, சதை இருக்கிறது, குருத்தெலும்பு இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒளியில் கொஞ்சம் விழுங்கிவிடும். ரத்தத்தின் பங்கு எது, மற்றவற்றின் பங்கு எது என்று எப்படிப் பிரிப்பது? மேயோ மருத்துவமனையின் ஏர்ல் வுட் என்பவர் 1940-களின் கடைசியில் காது மடலை அழுத்தி, ரத்தத்தை வெளியேற்றி, அப்போது ஓர் அளவும் பிறகு விட்டுவிட்டு ஓர் அளவும் எடுத்தார். பாத்திரத்தின் எடையை முதலில் கழித்துக்கொள்கிற நெய்க்காரர் தந்திரம்! 1970-களில் ஹியூலெட் பாக்கார்ட் கம்பெனி எட்டு வித நிற ஒளிகளைப் பயன்படுத்தி ஒரு யந்திரம் செய்தது. அது நன்றாகவே வேலை செய்தது. ஆனால் காதில் மாட்டும் பாகமோ பருமன், விலையோ யானை விலை.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் ஜப்பான் தேசத்து எஞ்சினியர் ஒருவர். தகுவோ அயோயகி என்று பெயர். 1936-ல் நீகதாவில் பிறந்தவர். 1971-ல் நிஹோன் கோடென் என்ற மருத்துவ உபகரணக் கம்பெனியில் சேர்ந்தார். அவர் தேடிப்போனது வேறு. இருதயம் நிமிஷத்துக்கு எவ்வளவு ரத்தத்தைத் தள்ளுகிறது என்று அறிய, நரம்பில் சாயத்தை ஏற்றி, காதில் ஒளியைப் பாய்ச்சி, சாயம் மங்கும் வேகத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தார். கோடு வழவழவென்று இறங்கவேண்டும். ஆனால் ஒவ்வொரு நாடித் துடிப்புக்கும் அது நடுங்கியது. அந்த நடுக்கம் பெரிய உபத்திரவமாக இருந்தது. சாயம் விழுங்காத இன்னொரு ஒளியையும் சேர்த்து அனுப்பி, இரண்டையும் வகுத்தால் நடுக்கம் நீங்கிவிடும் என்று கணக்குப் போட்டார். நீங்கியது. ஆனால் மூச்சை அடக்கிப் பிராணவாயு குறைந்ததும் மறுபடியும் நடுங்க ஆரம்பித்துவிட்டது!

வேறொருவராக இருந்தால் கருவியை நொந்துகொண்டு எழுந்து போயிருப்பார். அயோயகி அந்த நடுக்கத்தையே உற்றுப் பார்த்தார். துடிப்பது எது? தோல் துடிப்பதில்லை, எலும்பு துடிப்பதில்லை, சிரையில் திரும்பி வரும் பழைய ரத்தமும் அநேகமாகத் துடிப்பதில்லை. இருதயத்திலிருந்து புதிதாக வரும் தமனி ரத்தம் ஒன்றுதான் துடிக்கிறது. ஆகவே நடுக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிட்டால், காதை நசுக்க வேண்டாம், எட்டு நிறம் வேண்டாம், இரண்டே நிறம் போதும். இத்தனை நாள் இடைஞ்சல் என்று ஒதுக்கியதே செய்தியாகிவிட்டது. 1974-ல் அவர் இதை ஜப்பானிய மருத்துவ எலெக்ட்ரானிக்ஸ் சங்கத்தின் கூட்டத்தில் வெளியிட்டார். அடுத்த வருஷமே கருவி விற்பனைக்கு வந்தது. ஆனால் கம்பெனி அதைப் பெரிதாக நினைக்கவில்லை. அயோயகியை வேறு வேலைக்கு மாற்றிவிட்டார்கள். கிட்டத்தட்டப் பத்து வருஷம் கழித்துத்தான் அவர் தம் குழந்தையிடம் திரும்பி வந்தார்.

இனிமேல்தான் நம் கம்பவுண்டரின் கேள்விக்கு வருகிறோம்.

கருவிக்குள்ளே நடப்பது இவ்வளவுதான்: ஒரு பக்கம் இரண்டு சிறு விளக்குகள் மாறி மாறி எரிகின்றன. ஒன்று கண்ணுக்குத் தெரியும் சிவப்பு. மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. சுமை இறக்கிய ரத்தம் சிவப்பை அதிகம் விழுங்கும். சுமை ஏற்றிய ரத்தம் அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். விரலுக்கு மறுபுறம் உள்ள கண் இரண்டு ஒளிகளும் துடிக்கும் அளவைப் பார்த்து, ஒன்றை மற்றொன்றால் வகுக்கிறது. வரும் ஈவு 1 என்று வைத்துக்கொள்வோம். திரையில் ஏறக்குறைய 85 என்று காட்டவேண்டும். பாதி அளவு வந்தால் கிட்டத்தட்ட நூறு.

ஏன் 85? எந்தச் சூத்திரம் அப்படிச் சொல்கிறது? சூத்திரம் இல்லாமல் இல்லை. கண்ணாடிக் குப்பியில் உள்ள சாயநீர் எவ்வளவு ஒளியை விழுங்கும் என்பதற்குப் பௌதிகத்தில் விதி உண்டு. ஆனால் விரல் கண்ணாடிக் குப்பி அல்லவே! உள்ளே போன ஒளி, கோயில் திருவிழாக் கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்ட குழந்தையைப் போல, இங்கும் அங்கும் மோதி, எங்கெங்கோ சுற்றி வெளியே வருகிறது. ஜப்பானின் மினோல்டா கம்பெனி 1977-ல் விரலில் மாட்டும் கருவியைக் கொண்டுவந்தது. அது விதியை நம்பி எண்ணைச் சொன்னது. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக் கழகத்தில் சோதித்துப் பார்த்தபோது, ரத்தத்தில் நிஜமாக 50 இருக்கும் சமயத்தில் கருவி 70 என்று சொன்னது! செத்துக்கொண்டிருப்பவனைப் பார்த்து, கொஞ்சம் களைப்பு என்று சொன்னதற்குச் சமானம்.

ஆகவே சூத்திரத்தை விட்டார்கள், மனிதர்களைப் பிடித்தார்கள். இன்றுவரை எல்லாக் கருவிகளுக்கும் அதுதான் வழி. ஆரோக்கியமான வாலிபர்கள் சிலர் சம்மதித்து வந்து படுத்துக்கொள்கிறார்கள். மணிக்கட்டுத் தமனியில் மெல்லிய குழாயைச் செருகுகிறார்கள். அவர்கள் சுவாசிக்கும் காற்றில் பிராணவாயுவைப் படிப்படியாகக் குறைத்து நைட்ரஜனைக் கூட்டுகிறார்கள். 95, 90, 85 என்று இறங்கி, 70 வரையில் கொண்டுபோகிறார்கள். ஒவ்வொரு படியிலும் சற்று நிறுத்தி, ரத்தத்தை எடுத்து ஆய்வு யந்திரத்தில் உண்மையான அளவைப் பார்க்கிறார்கள். அதே விநாடியில் விரலில் உள்ள கருவிக்குக் கிடைத்த ஈவு என்ன என்பதையும் குறித்துக்கொள்கிறார்கள். இன்ன ஈவு வந்தால் இன்ன எண் என்று இப்படித்தான் ஓர் அட்டவணை உண்டாகிறது. அந்த அட்டவணையைக் கருவியின் மூளையில் பதித்துவிடுகிறார்கள். 70-க்குக் கீழே யாரையும் கொண்டுபோவது தர்மம் அல்ல. ஆகையால் அதற்குக் கீழே கருவி காட்டுவதெல்லாம் கோட்டை அந்தரத்தில் நீட்டிப் பார்த்துச் சொல்வதுதான்.

ஒரே அச்சில் செய்த விளக்குகளிலும் ஒன்றின் சிவப்பு மற்றொன்றின் சிவப்பாக இருப்பதில்லை. அதற்காகச் சில கம்பெனிகள் கிளிப்பின் கம்பியில் ஒரு சிறு மின்தடையை ஒளித்து வைத்தன. இந்த விளக்குக்கு இந்த அட்டவணை என்று அது யந்திரத்துக்கு ரகசியம் சொல்லும். மயக்க மருந்து டாக்டரான வில்லியம் நியூவும் அவருடைய நண்பர்களும் தொடங்கிய நெல்கோர் கம்பெனி, 1983-ல் வெளியிட்ட கருவியில் இன்னொரு நல்ல காரியமும் செய்தது: எண் இறங்க இறங்க, நாடியோடு ஒலிக்கும் சுருதியும் இறங்கும்! டாக்டர் தலை நிமிராமலே நோயாளியின் நிலையைக் காதால் கேட்கலாம். 1990 முதல் அமெரிக்காவில் மயக்க மருந்து கொடுக்கும்போது இந்தக் கருவி இருந்தே ஆகவேண்டும் என்று ஏற்பட்டது. அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே இல்லை. அந்த நன்றியை மறந்துவிட்டு மேலே பேசக்கூடாது.

ஆனால் படிக்கல் என்ன என்று இப்போது தெரிந்துவிட்டதல்லவா? கல்லும் அல்ல, இரும்பும் அல்ல. முன்பின் தெரியாத சில வாலிபர்களின் விரல். அவர்கள் யார்? ஆரம்ப காலத்தில் பெரும்பாலும் வெள்ளைத் தோல்காரர்கள்.

தோலின் நிறம் நாடியோடு துடிப்பதில்லை. ஆகவே அதன் பங்கு தானே கழிந்துபோகும் என்பது கணக்கு. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. உடம்பு அதற்கு முழுக்கக் கட்டுப்படவில்லை. 1990-லேயே ஜுப்ரான், டோபின் என்ற இரண்டு டாக்டர்கள் எச்சரித்தார்கள்: செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் வெள்ளை நோயாளிக்குக் கருவியில் 92 இருந்தால் போதும் என்று நிம்மதியாக இருக்கலாம், கறுப்பு நோயாளிக்கோ அதே நிம்மதிக்கு 95 வேண்டியிருக்கிறது என்று. 2005-ல் கலிபோர்னியாவில், கருவிகளைச் சோதிப்பதில் கைதேர்ந்த செவரிங்ஹாஸும் அவருடைய சகாக்களும் அதையே கண்டார்கள்: பிராணவாயு குறையக் குறைய, கறுத்த தோலில் கருவி உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லுகிறது. யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொரோனா வந்தது. உலகம் முழுவதும் இந்த எண்ணைப் பார்த்து, யாருக்குப் படுக்கை, யாருக்குப் பிராணவாயு என்று தீர்மானிக்கும்படி ஆயிற்று. 2020 டிசம்பரில் மிச்சிகன் பல்கலைக் கழகத்து டாக்டர்கள் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய சமயங்களில், ரத்தத்தில் உண்மையான அளவு 88-க்கும் கீழே இருந்தது வெள்ளையரில் நூற்றுக்கு 3.6 தடவை, கறுப்பரில் 11.7 தடவை. மூன்று மடங்கு! அதன் பிறகுதான் அமெரிக்க அரசு விழித்துக்கொண்டது. கம்பெனிகள் குறைந்தது பத்துப் பேரைச் சோதித்து, அதில் இரண்டு பேராவது கறுத்த நிறத்தவராக இருக்கவேண்டும் என்பதுதான் 2013 முதல் அங்கே வழிகாட்டுதல். 2025 ஜனவரியில் வெளியிட்ட புது நகலில், 150 பேராவது வேண்டும், எல்லா நிறமும் கலந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள்.

பத்துப் பேரில் இரண்டு பேர்! கும்மிடிப்பூண்டி உலைக்களத்தில் நின்று எண்ணினால் பத்துக்குப் பத்தும் அந்த இரண்டு பேர்தானே?

நிறம் ஒன்றுதான் என்பதும் இல்லை. கை சில்லிட்டிருந்தால் விரலில் நாடி மெலிந்துவிடும், எண் தடுமாறும். நகத்தில் கருஞ்சாயம் இருந்தால் தடுமாறும். அந்தப் பேட்டையைப் போன்ற இடங்களில் இதைவிடப் பெரிய வஞ்சகம் ஒன்று உண்டு. அரைகுறையாக எரியும் கரி, எண்ணெய், எரிவாயு எல்லாவற்றிலிருந்தும் கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு வருகிறது. நிறமும் இல்லை, மணமும் இல்லை. பிராணவாயு உட்காரவேண்டிய இடத்தில் ஹீமோகுளோபினில் அது போய் உட்கார்ந்துகொள்ளும். அப்போது ரத்தம் செக்கச் செவேலென்று இருக்கும். இரண்டு ஒளி மட்டும் தெரிந்த நமது கருவி அதைப் பார்த்து, ஆஹா, சுமை ஏற்றிய ரத்தம் என்று 98 காட்டிவிடும்! மனிதன் மூச்சு முட்டிச் சாகும்போது, கருவி அவனுக்கு நற்சான்று எழுதிக்கொண்டிருக்கும். சுமை வண்டியில் நெல் இருக்கிறதா, பதர் இருக்கிறதா என்று மூட்டையைப் பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது.

2021 ஜூலையில் இந்தக் கருவியின் விற்பனை லாபத்துக்கு மத்திய அரசு வரம்பு கட்டியது. எழுபது சதவிகிதத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று. அது நல்லதுதான். ஏழைக்கும் எட்டவேண்டிய பொருள். இப்போது ஒரகடத்தில் மருத்துவ உபகரணங்களுக்கென்றே ஒரு தொழிற்பூங்கா அமைக்கத் திட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்கு மத்திய அரசின் உதவி பெறத் தேர்வான நான்கு ராஜ்யங்களில் நம்முடையதும் ஒன்று. நாளைக்கு நம் ஊரில் செய்த தராசு நம் விரலைக் கவ்வட்டும். ஆனால் படிக்கல்லும் நம்முடையதாக இருக்கவேண்டும். சுமை தூக்கிக் காய்த்த விரல், நாற்று நட்டுச் சேறு படிந்த விரல், நெருப்பில் வெந்து கறுத்த விரல், இவையும் அந்த அட்டவணையில் ஏறவேண்டும். ஆடவல்லான் என்று தன் தெய்வத்தின் பெயரையே கல்லுக்கு வைத்த ராஜ்யத்தில் இது பெரிய ஆசை அல்ல.

அயோயகிக்கும் இந்தக் குறை மனத்தில் இருந்தது. வாலிபர்களின் ரத்தத்தை நம்பி அட்டவணை போடுவது அவருக்குத் திருப்தி தரவில்லை. ஒளி சதைக்குள் எப்படி அலைகிறது என்ற முழுக் கோட்பாட்டைக் கண்டுபிடித்து, இரண்டுக்குப் பதில் மேலும் சில ஒளிகளைச் சேர்த்து, யாருடைய விரலானாலும் சரியாகச் சொல்லும் கருவியைச் செய்யவேண்டும் என்று முதுமையிலும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். 2015-ல் உலகத்து மின்னணு எஞ்சினியர்களின் பெரிய சங்கம் அவருக்குப் பதக்கம் கொடுத்தது. 2020 ஏப்ரல் 18-ஆம் தேதி, 84-வது வயசில் காலமானார். அவருடைய கருவியை உலகமே தேடி அலைந்த வாரங்கள் அவை.

அடுத்த முறை கும்மிடிப்பூண்டிக்குப் போனபோது கம்பவுண்டரிடம் இதையெல்லாம் எனக்குத் தெரிந்த மட்டில் சொன்னேன். எண்ணைத் தூக்கி எறியவேண்டியதில்லை. ஒரு தடவை பார்த்த எண்ணைவிட, காலையில் இருந்த எண் மாலையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது பெரிய செய்தி. மூச்சு வாங்குகிறது என்று மனிதன் சொல்லும்போது கருவி இல்லை என்று சொன்னால், மனிதனை நம்புவதே நல்லது. புகையில் நின்றவனுக்குத் தலைவலி என்றால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், வெளிக்காற்றுக்குக் கொண்டுபோய்விட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பவேண்டும். டாக்டர்கள் சொல்வதைத்தான் திருப்பிச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அப்ப அவனுக்கு அன்னிக்கு 95-ன்னு காட்டினது, நெசத்துல எவ்வளவு இருந்திருக்கும் சார்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

அதற்குள் வாசலில் ஒரு பையன் வந்து நின்றான். வட தேசத்துப் பையன், மீசைகூட அரும்பவில்லை. இரண்டு நாளாக இருமல் என்று சைகை காட்டினான். கம்பவுண்டர் அவனை ஸ்டூலில் உட்காரவைத்து, விரலில் கிளிப்பை மாட்டினார். 96. அவர் அதைக் குறித்துக்கொண்டார். கிளிப்பைக் கழற்றவில்லை. அவனுடைய இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவனை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி, நாக்கை நீட்டச் சொல்லி, உதட்டைப் பார்த்தார். கடைசியில் அவன் முகத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.